வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு ஓர் ஓவியப் பாடம்

எங்கள் பள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தஞ்சாவூர் மாவட்டத்து வயல்களுக்கு நடுவே, ஒரு பாசன வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. இரண்டே ஆசிரியர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகளைத் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று முதல் மூன்று வரையுள்ள 23 பிள்ளைகள் ஒரே அறையில் என்னிடம் இருக்கிறார்கள். கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு நேராக ‘ஓவியம்’ என்று நான் இங்கு வருவதற்கு முன்பிருந்தே எழுதியிருக்கிறது. அந்த 40 நிமிடத்தில் நெடுநாள் நான் செய்துவந்தது இவ்வளவுதான்: கரும்பலகையில் இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே பாதிச் சூரியன், அடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, கரையில் குடிசை, அதன் மேல் சாய்ந்த தென்னை, வானத்தில் நான்கு பறவைகள். பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் வரைவார்கள். நான் மேசையில் அமர்ந்து, வாரம் முழுவதும் தேங்கிய பதிவேடுகளை முடிப்பேன். எங்கள் ஊரில் மொட்டை மாடியில் ஏறி நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலை தெரியாது என்பது எனக்கோ பிள்ளைகளுக்கோ ஒருநாளும் உறுத்தியதில்லை.

இதற்கு நான் மட்டும் காரணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தால், கலைக்கென்று ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று சொல்லப்பட்டிருப்பது ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு மட்டுமே. அதிலும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். தொடக்க வகுப்புகளுக்கு 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோதும் அவர்கள் நடுநிலை வகுப்புகளுக்கே போனார்கள். ஆக, ஒரு குழந்தை முதன்முதலாகக் கிரேயானைப் பிடிக்கும் வயதில், அதன் பக்கத்தில் நிற்பவர் தமிழும் கணக்கும் சூழ்நிலையியலும் நடத்துகிற, ஓவியம் படிக்காத என்னைப் போன்ற ஒருவர்தான். காலை உணவு வந்ததா என்று பார்க்க வேண்டும். வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் இருக்கும் பிள்ளைகளைத் தனித்தனியே நகர்த்த வேண்டும். வியாழக்கிழமை இரவு உட்கார்ந்து மறுநாளைக்கு ஓவியப் பாடம் யோசிக்கும் ஆசிரியர் யாராவது இருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆகவே, ஆயத்தப் பாடங்களைத் தேடினேன். யாரோ யோசித்து எழுதி வைத்திருப்பார்கள், எடுத்து நடத்திவிடலாம் என்பதுதான் எண்ணம். இணையத்தில் அவை மலைபோல் குவிந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பாதி, உதிர்ந்த மேப்பிள் இலைகளைச் சேகரித்துக்கொண்டு வரச் சொல்கின்றன. மீதிப் பாதி, பனிமனிதனுக்குப் பஞ்சு ஒட்டச் சொல்கின்றன. கேட்கும் பொருள்களோ எண்ணெய்ப் பேஸ்டல், மூன்று அளவில் தூரிகை, தடித்த வாட்டர்கலர் தாள், ஆளுக்கொரு வண்ணத்தட்டு. ஒவ்வொரு பாடத்திலும் ‘பிள்ளைகள் தொட்டியில் கை கழுவட்டும்’ என்று ஒரு வரி வரும். வகுப்பறைக்குள் குழாயும் தொட்டியும் இருக்கிற ஊரில் எழுதியது அது. எங்களுக்கு வாய்த்திருப்பது வெளியே சத்துணவுக் கூடத்தருகில் ஒரே ஒரு குழாய்.

அடுத்து, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்கள். அங்கே வருவன பெரும்பாலும் வண்ணம் தீட்டும் தாள்கள்: சுதந்திர தினத்துக்குக் கொடி, பொங்கலுக்குப் பானை, எந்த நாளுக்கும் பொதுவாக ஒரு மயில். மயிலை 23 படி நகலெடுத்துக்கொண்டு போன அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் வகுப்பு அவ்வளவு அமைதி! நானும் பதிவேட்டைத் திறந்தேன். ஆறாவது நிமிடத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “முடிச்சிட்டேன் டீச்சர்” என்று தாளை நீட்டினான். மயில் முழுவதையும் ஒரே நீலத்தில், ஒரே திசையில், கோடு தாண்டாமல் அடித்திருந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை, நிறை சொல்லவும் ஒன்றுமில்லை. ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கிரேயான் கோட்டைத் தாண்டிவிட்டது. அவள் தாளைச் சுருட்டி மடியில் மறைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். அவளைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பும்போது, மணி அடிக்கக் கால்மணி நேரம் இருந்தது. பாதி வகுப்பு பெஞ்சின் மேல் ஏறியிருந்தது.

தாள்களைச் சேகரித்து அடுக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பையன், முடித்துக் கொடுத்த மயிலைத் திரும்ப வாங்கிப் போய், அதன் பின்பக்கத்தில் வேறொன்று வரைந்திருந்தான். ஒரு கிணறு. கிணற்றின் சுவர் கண்ணாடிபோல் உள்ளே இருப்பதையெல்லாம் காட்டியது: தண்ணீர், தண்ணீருக்குள் இரண்டு மீன், ஓர் ஆமை, உள்ளே விழுந்து கிடக்கும் பிளாஸ்டிக் குடம். மேலே ஓர் ஆடு, கிணற்றைவிடப் பெரிதாக. ஆட்டின் கழுத்துக் கயிறு வளைந்து வளைந்து தாளின் ஓரம் வரை போய், அங்கே நின்ற ஒரு சின்ன மனிதனின் கையில் முடிந்திருந்தது. அந்த மனிதன் அவனேதான். நான் நகலெடுத்துக் கொடுத்த பக்கத்துக்கு அவன் செலவிட்டது ஆறு நிமிடம்; யாரும் கேட்காத பக்கத்துக்கு மீதி நேரம் முழுவதும்.

ஆயத்தப் பாடம் என்ற பெயரில் நாம் பகிர்ந்துகொள்பவற்றில் பெரும்பகுதி ஆயத்தப் படமாகத்தான் இருக்கிறது என்று அன்று தோன்றியது. ஆசிரியருக்கு நேரம் இல்லை என்பது உண்மை; ஆனால் அவருக்கு இல்லாதது பொருள் தேட, வரிசை யோசிக்க, சுத்தம் செய்யத் திட்டமிட வேண்டிய நேரம். அந்த வேலைகளை ஒருவர் முன்கூட்டியே செய்து கொடுத்தால் அது பேருதவி. பிள்ளை என்ன வரையப் போகிறது என்பதையும் சேர்த்து முடித்துக் கொடுத்துவிட்டால், வகுப்பில் செய்வதற்கு மிஞ்சுவது நிறம் அடிப்பது ஒன்றுதான், அது ஆறு நிமிட வேலை.

அந்தக் கிணற்றுப் படம் என்னைக் கொஞ்சம் படிக்கவும் வைத்தது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஓவியக் கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்பவர் 1947-இல் வெளியிட்ட நூலில், குழந்தைகளின் வரைதல் எந்த வயதில் எப்படி மாறுகிறது என்று படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார். ஏறத்தாழ நான்கு வயது வரை கிறுக்கல். அடுத்து ஏழு வயது வரை, பொருள்கள் தாளில் மிதந்துகொண்டிருக்கும். ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் தாளின் அடியில் ஒரு கோடு வந்துவிடும், அதுதான் தரை, எல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கும். முக்கியமானது பெரிதாகும். உள்ளே இருப்பது, சுவரை ஊடுருவி வெளியே தெரியும். பேருந்து வரைந்தால் பயணிகளின் கால்கள் வரை தெரிவதும், வீடு வரைந்தால் அடுப்பில் கொதிக்கும் உலை தெரிவதும் அதனால்தான். இவற்றைத் தவறென்று திருத்தக் கூடாது என்பதோடு, ஆயத்தப் பாடம் எழுதுபவருக்கு இதில் நடைமுறைச் செய்தியும் இருக்கிறது: ‘தூரத்து மரம் சிறிது, பக்கத்து மரம் பெரிது’ என்று இரண்டாம் வகுப்புக்கு எழுதப்பட்ட பாடம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் வகுப்பில் உட்காராது. நான் நடத்திப் பார்த்தேன். ‘பக்கத்து மரம் எங்க மாமரம், அதனால பெருசு’ என்பதே அவர்களுக்குக் கிடைத்த விளக்கம்.

அதன் பிறகு என் பாடங்களை நானே அட்டைகளில் எழுதத் தொடங்கினேன். கல்யாணப் பத்திரிகைகளின் வெறும் பக்கம்தான் அட்டை. ஓர் அட்டைக்கு ஒரு பாடம். அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பாடவேளை தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது எடுத்துப் படித்தால் போதும் என்பதுதான் அளவுகோல். மேல் ஓரத்தில் பொருள்கள். எல்லாம் பள்ளியிலோ பக்கத்துப் பெட்டிக்கடையிலோ கிடைப்பவையாக இருக்க வேண்டும். அடுத்து, முதலில் எதைப் பார்க்கச் சொல்வது என்று ஒரு வரி. அதன்பின் கையால் செய்து பார்க்க வேண்டிய ஒரே ஒரு முறை: தேய்ப்பதோ, அச்சு வைப்பதோ, கிழித்து ஒட்டுவதோ, ஏதாவது ஒன்று. பிறகு நான் கேட்கப்போகும் கேள்வி. கடைசி வரி எப்போதும் சுத்தம் செய்வது பற்றியது.

அந்தக் கடைசி வரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே குழாய் உள்ள பள்ளிக்குப் பொருந்தும்படி அதை எந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை. ஓவியப் பாடத்தை ஆசிரியர்கள் தவிர்ப்பதற்குக் கற்பனைப் பஞ்சம் காரணமே இல்லை, அழுக்குதான் காரணம். நீல மையில் தோய்ந்த 23 ஜோடிக் கைகள் ஒரே குழாயை நோக்கி ஓடும்போது அடுத்த வாரம் இது வேண்டாம் என்று யாருக்கும் தோன்றும். நான் கண்ட வழி, ஒரு வாளித் தண்ணீரை வகுப்பு வாசலில் வைத்து, ஒரு பழைய வேட்டியை நான்காகக் கிழித்து அதன் விளிம்பில் தொங்கவிடுவது. முடித்தவர் முடித்தவராக எழுந்து போய்க் கையைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும், எல்லோரும் சேர்ந்து எழக் கூடாது. ஈரப் படங்கள் காய, சன்னலிலிருந்து சன்னலுக்குக் கயிறு கட்டித் துணிக் கிளிப்புகளை மாட்டியிருக்கிறோம். கயிறு என் தலை உயரத்தில் இருந்ததால் முதல் மாதம் எல்லாப் படங்களையும் நானே மாட்டினேன். பிறகுதான் கயிற்றைப் பிள்ளைகளின் உயரத்துக்கு இறக்கினால் என் வேலை போய்விடும் என்று புத்தி வந்தது.

என் பெட்டியில் அதிகம் அழுக்கேறிய அட்டை, சித்தன்னவாசல். புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் அந்தச் சமணக் குடைவரைக் கோயிலின் விதானத்தில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் அக்கோயிலைப் புதுப்பித்தவர் பெயரை அங்குள்ள கல்வெட்டு மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று சொல்கிறது. ஆசிரியன் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். அவர் எந்தப் பாடம் நடத்தினாரோ! அந்தக் குளத்தில் மொட்டும் மலருமாகத் தாமரைகள், அகன்ற இலைகள், மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். ஓவியத்தைப் பெரிதாக்கி ஸ்மார்ட் போர்டில் காட்டினேன். தொடுவானம் இல்லை, கரை இல்லை; தாளின் எல்லா மூலையிலும் தண்ணீர்தான், எல்லாம் அதில் அருகருகே இருக்கின்றன. மீனும் தெரிகிறது, மேலே பூவும் தெரிகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தாளை நிரப்பும் முறைக்கு இதைவிட நெருக்கமான பெரிய ஓவியம் வேறெதையும் நான் பார்த்ததில்லை. அவர்கள் ஒருவருக்கும் அதைப் பார்த்து மலைப்பு ஏற்படவில்லை. “எங்க குளத்துல எருமை இப்படித்தான் டீச்சர் முக்குளிக்கும்” என்று ஒருத்தி உடனே எழுந்து சொன்னாள்.

அந்த அட்டையில் எழுதியிருக்கும் முறை, மெழுகும் மையும். வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டால் வெள்ளைத் தாளில் குளத்தில் இருப்பவற்றை அழுத்தி வரைய வேண்டும். வரையும்போது ஒன்றும் தெரியாது. பிறகு தண்ணீரில் கலக்கிய நீல மையைப் பஞ்சால் தாள் முழுவதும் தடவினால், மெழுகு பட்ட இடம் தண்ணீரை ஏற்காமல் வெள்ளையாகவே நிற்க, மற்ற இடமெல்லாம் நீலமாகிக் குளம் எழுந்து வரும். முதல் தடவை நான் இதில் வசமாக மாட்டிக்கொண்டேன். செலவு மிச்சம் என்று மாதக் காலண்டர் தாள்களை வெட்டிக் கொடுத்திருந்தேன். வழவழப்பான தாள் மெழுகையும் ஏற்கவில்லை, மையையும் ஏற்கவில்லை. மை முத்து முத்தாக உருண்டு மேசையில் வழிந்து, அங்கிருந்து சீருடைகளுக்கு இறங்கியது. திங்கட்கிழமை காலை இரண்டு அம்மாக்கள் வாசலில் நின்றார்கள். இப்போது அட்டையில் ‘வழவழத் தாள் கூடாது; நோட்டுத் தாளும் கூடாது, ஊறிக் கிழியும்; டிராயிங் நோட்டின் தாளைப் பாதியாக வெட்டவும்; மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மை’ என்று சிவப்பில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். ஆயத்தப் பாடம் என்று ஒன்றை இன்னொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், கொடுக்க வேண்டியது இந்த மாதிரி வரிகளைத்தான். குளத்தின் அழகைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார்.

இரண்டாவது தடவை, தாள் சரியாக அமைந்தபோது, நீலம் பரவப் பரவ மெழுகுக் கோடுகள் தோன்றுவதைப் பார்த்து வகுப்பு போட்ட கூச்சலில் தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் போகவில்லை. ஒரு துண்டு மெழுகுவர்த்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சள் அட்டைக்கும் பெட்டியில் நல்ல பெயர். சமையல் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். பிறகு குளிக்கிற சோப்பைக் கரைத்த தண்ணீரில் தீக்குச்சியைத் தோய்த்து அதன் மேல் வரைந்தால், கோடு செம்பழுப்பாகத் தோன்றும். சாம்பார்க் கறை பட்ட சட்டைக்குச் சோப்புப் போட்டதும் அது சிவந்துவிடுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். காரம் பட்டால் மஞ்சளில் இருக்கும் குர்குமின் நிறம் மாறுவதால் வரும் விளைவு அது. சுண்ணாம்பு இன்னும் பளிச்சென்று சிவக்கும், ஆரத்தியில் காண்பதுபோல. ஆனால் கண்ணில் பட்டால் வம்பு என்பதால் பிள்ளைகள் கையில் அதைக் கொடுப்பதில்லை. செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா நீலமாக இழையும்; அதன் மேல் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் இளஞ்சிவப்பாகும். இவ்விரண்டு அட்டைகளுக்கும் எனக்கு ஆகும் செலவு, வீட்டில் மஞ்சள் டப்பா சீக்கிரம் காலியாவது மட்டும்தான்.

கோல அட்டையை நான் எழுதியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. சத்துணவு சமைக்கும் அக்கா ஒருநாள் கையில் வேலையில்லாமல் வாசலில் நின்றிருந்தார். அழைத்து உள்ளே உட்கார வைத்தேன். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் நிறுத்தும் ஊடுபுள்ளி வைத்துக் காட்டினார். ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழ வேண்டும். “மொத்தம் எத்தனை?” என்று நான் கேட்டதும் பிள்ளைகள் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, மறுபடி ஆறு, ஐந்து, நான்கு என்று கூட்டி 37 என்றார்கள். புள்ளிக்கு நேராகப் புள்ளி வைக்கும் நேர்ப்புள்ளியாக ஏழில் தொடங்கி, வரிசைக்கு இரண்டு குறைத்து இருபுறமும் ஒன்றில் முடித்தால் 25. மூன்றாம் வகுப்பில் இதற்குப் பெரிய வரவேற்பு. ஒன்றாம் வகுப்பு, புள்ளி வைப்பதையே முழு நேர வேலையாக எடுத்துக்கொண்டது. கோலம் போடமாட்டேன் என்று முறைத்துக்கொண்டிருந்த பையன்கள், சிக்குக் கோலத்தில் கோடு எங்கும் முட்டாமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும் என்று அந்த அக்கா சவால் விட்டதும் அடங்கி உட்கார்ந்தார்கள். வீட்டில் அம்மா போடும்போது இவர்கள் மிதித்துக்கொண்டு ஓடும் அதே கோலம்தான்.

வெண்டைக்காய் அச்சு, இலை தேய்ப்பு ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். ஒன்றே ஒன்று: இலையை நரம்பு புடைத்த பக்கம் மேலே வருமாறு வைத்துத் தாளை மூட வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் பாதி வகுப்புக்கு ஒன்றும் பதியாது.

காணொளிகளைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. ‘ஐந்தே நிமிடத்தில் யானை வரையலாம்’ வகைக் காணொளியைப் போட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். காணொளியின் கை நிற்காது. மொட்டு நிலைப் பிள்ளை தும்பிக்கையில் இருக்கும்போது அது வாலுக்குப் போய்விடும். நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் 23 பேருக்கு 23 இடத்தில் நிறுத்த வேண்டும். அதே திரையை நல்ல ஓவியத்தைப் பெரிதாகக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் அது விலைமதிப்பற்ற கருவி. 1938-இல் குஜராத்தின் ஹரிபுராவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்காக வங்க ஓவியர் நந்தலால் போஸ் தீட்டிய சுவரொட்டி ஓவியங்களை ஒருமுறை காட்டினேன். மேளம் அடிப்பவர், துணி தைப்பவர் என்று வேலை செய்கிற சாதாரண மனிதர்கள், தடித்த தூரிகைக் கோடு, மண்ணின் நிறங்கள். பத்து நிமிடம் பார்க்க மட்டும் விட்டு, “உங்க வீட்டுல யாரு என்ன வேலை செய்யறப்ப முதுகு வளையும்?” என்று கேட்டேன். நாற்று நடும் பாட்டி, டயருக்குக் காற்றடிக்கும் அப்பா, விறகு கட்டும் அத்தை என்று வந்தார்கள். செம்மண்ணைச் சலித்துக் கஞ்சியில் குழைத்துத் தீட்டினோம். காய்ந்ததும் சில இடங்களில் உதிர்ந்தது. கஞ்சி நீர்த்துவிட்டது என் பிழை, அட்டையில் திருத்திவிட்டேன்.

பார்வையிட வரும் அதிகாரிகள் ‘இதில் கற்றல் விளைவு என்ன?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டியது அவர்கள் கடமை. அதற்காகப் படத்தின் பின்பக்கத்தில் பிள்ளை தன் படத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ‘பாட்டி முதுகு வலிக்குது, ஆனா பாடுது’ என்று ஒரு வாக்கியம் வந்தது. பாடநூலிலிருந்து பார்த்து எழுதும் எந்த வாக்கியத்தையும்விட அது மேல் என்று அந்த அதிகாரியே சொன்னார். இருந்தாலும், எல்லாப் பாடத்தோடும் கலையை இணைக்கிறோம் என்ற பேரில், கழித்தல் கணக்குக்கு ஆப்பிள் வரைவதையும் ஓவியப் பாடவேளைக் கணக்கில் சேர்த்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையாவது படம் படத்துக்காகவே இருக்கட்டும்.

பிள்ளை படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது என்ன சொல்வது என்பதைக்கூட அட்டையில் எழுதித்தான் வைத்திருக்கிறேன், களைத்திருக்கும் நேரத்தில் வாயில் வருவது ‘நல்லாருக்கு, போய் உக்காரு’ மட்டுமே என்பதால். இப்போது நான் கேட்பது, “இதுல எந்த இடம் வரைய ரொம்ப நேரம் ஆச்சு?” என்பது. அந்த இடத்தைக் காட்டுவதற்காகவே மறுபடி தன் படத்தை உற்றுப் பார்ப்பார்கள். பாதிப் பேர் அங்கேயே எதையோ சேர்க்க வேண்டும் என்று திரும்பிப் போய்விடுவார்கள்.

அட்டைகள் இப்போது 31. பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு மொத்தத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்; அவர் பள்ளியிலிருந்து மூன்று அட்டைகள் திருத்தங்களோடு திரும்பி வந்தன. களிமண் அட்டையில் அவர் எழுதியிருந்தது: ‘ஐப்பசி, கார்த்திகையில் நடத்த வேண்டாம். காயவில்லை. பூஞ்சை.’

போன மாதம், எதை வேண்டுமானாலும் வரையலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை வெறும் தாளைக் கொடுத்தேன். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதே பழைய இரண்டு முக்கோண மலைகளைக் கொண்டுவந்து நீட்டினாள். இத்தனை அட்டை எழுதியும் மலை போகவில்லையே என்று மனத்துக்குள் சலிப்பு. அட்டையில் இருக்கும் கேள்வியைத்தான் கேட்டேன். சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் அவள் விரல் வைத்தாள். அங்கே மூன்று நீண்ட கம்பங்களும், ஒவ்வொன்றின் உச்சியிலும் மூன்று இறக்கைகளும் இருந்தன. “இதுதான் டீச்சர் ரொம்ப நேரம் ஆச்சு. காத்தாடி சுத்துச்சா, எண்ணவே முடியல. எங்க மாமா ஊரு தென்காசி. லீவுக்குப் போயிருந்தேன்” என்றாள்.